புளிய மரத்தின் முன்பக்கம்

1

செப்டம்பர் கடைசியில் கல்லறை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் கணவரின் கல்லறைமேல் நான் நட்டிருக்கும் செடி விதி அனுமதிக்கும் உயரத்தைத் தாண்டிவிட்டதாம். பக்கத்துக் கல்லறைக்குள் ஒரு கையகலம் நுழைந்தும்விட்டதாம். நான்கு வாரத்துக்குள் வெட்டி ஒழுங்குபடுத்த வேண்டும், தவறினால் அவர்களே ஆள் வைத்து வெட்டிவிட்டுக் கூலியை என்னிடம் வாங்கிக்கொள்வார்கள். கீழே கையெழுத்து, முத்திரை, எந்த விதியின் எந்தப் பிரிவு என்கிற எண்.

ஜெர்மனியில் செத்தவருக்கும் குடக்கூலி ஒப்பந்தம்போல ஒன்று உண்டு. இருபது வருஷத்துக்குக் குழி நமக்கு, அப்புறம் புதுப்பிக்க வேண்டும். இதை ஊரில் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பார்கள். கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் என்ன வளர்கிறது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் எருக்கையும் கோரையையும் வெட்டிச் சுண்ணாம்பு அடிப்போம், அன்றைக்குப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றுவோம். மற்ற நாளெல்லாம் அவர்கள் பாடு அவர்களோடு.

அலுவலகத்துக்குப் போன் போட்டு விளக்கம் கேட்டேன். பேச்சு வேகத்தில் அந்த அதிகாரியை ஒருமையில் அழைத்துவிட்டேன். நான் டிராம் ஓட்டுகிறவள். எங்கள் டிப்போவில் மேலாளர் முதல் வண்டி கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் 'நீ'தான், அந்தப் பழக்கம் வாயில் ஒட்டிக்கொண்டது. பிறகு அந்த மனிதர் எனக்கு இரண்டு மடங்கு மரியாதை கொடுத்துப் பேசினார். இந்த ஊரில் கோபத்தை அப்படித்தான் காட்டுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் ஸ்டெல்லாவிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இன்னொரு நகரத்தில் படிக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள், கோடை விடுமுறையில் ஏதோ பயிற்சி என்று வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்பாவோட ரெண்டாம் வருஷத்துக்கு நான் வர்றேன்மா. சேர்ந்தே வெட்டலாம். மரத்தையும் நேர்ல பாக்கணும்."

கடைசி வாக்கியம் வீட்டில் இருக்கும் மரத்தைப் பற்றியது. மரத்தின் ஒரு பக்கம் செத்து ஏழெட்டு மாதம் ஆகிறது. அது அவளுக்குத் தெரியாது.

2

மரம் என்றால் ஒன்றரை அடி உயரப் புளிய மரம். போன்சாய். அகலத் தொட்டியில் கோடையில் பால்கனியிலும் மற்ற மாதங்களில் ஜன்னலோரம் விளக்கு வெளிச்சத்திலும் இருக்கும்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். இலங்கைத் தமிழர் கடையில் வாங்கிய கட்டிப் புளி. உறைமேல் கொட்டை நீக்கியது என்று எழுதியிருக்கும், அது அவர்கள் நம்பிக்கை. அன்றைக்கு விரலில் மூன்று கொட்டை அகப்பட்டது. குப்பையில் போடப் போனவளை என் கணவர் தடுத்து, தயிர் டப்பாவில் மண் போட்டு மூன்றையும் ஊன்றினார். ஒன்று முளைத்தது. அப்போது ஸ்டெல்லா ஒன்றாம் வகுப்பு. முளையைப் பார்த்து, "இது வீட்டுக்குள்ளயே இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றார்.

அவர் பெயர் சவரிநாதன், மயிலாடுதுறைக்காரர். இங்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திர உதிரிப் பாகங்களை அளந்து, இது சரி, இது சரியில்லை என்று பிரிக்கிற வேலை. தலைமுடி கனத்தில் கால் பங்கு பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆள் கையில் சிக்கிய செடியின் கதியைக் கேட்க வேண்டுமா? கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். மரம் ஐந்து வயதில் எப்படி, பத்தில் எப்படி, இருபத்தைந்தில் எப்படி என்று பென்சிலால் வரைந்து வைத்தார். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் முதல் கிளை, அது இடது பக்கம். சற்று மேலே வலது பக்கம் ஒன்று. ஆழம் தெரிவதற்காகப் பின்னால் ஒன்று. கிளைக்குக் குறுக்கே கிளை வரக் கூடாது. இலைகள் நுனியில் அடை தட்டியதுபோலத் தட்டையாக நிற்க வேண்டும். தூர இருந்து பார்த்தால் மொத்தமும் முக்கோணமாகத் தெரிய வேண்டும். கிளை சொன்னபடி கேட்காவிட்டால் அலுமினியக் கம்பியைச் சுற்றி வளைப்பார்.

போன்சாய்க்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து மரம் மிக நன்றாகத் தெரிகிறதோ அதுதான் முன்பக்கம். எங்கள் தொட்டியில் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். துடைக்கும்போது கோடு அழிந்தால் எனக்குத் திட்டு விழும்.

"புளிய மரத்துக்கு யாருங்க முக்கோணம் கட்டினா? நம்மூர் ரோட்டுல பாத்ததே இல்லையா நீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எப்படி வளரணும்னு மரத்துக்குத் தெரியாது பிலோ. அதுபாட்டுக்கு வளரும், அவ்வளவுதான்" என்றார்.

பிலோ நான். பிலோமினா. எனக்கும் எப்படி வளர வேண்டும் என்று தெரியாது என்பது அவருடைய அபிப்பிராயம். அதைச் சொன்னதில்லை, ஆனால் நான் கவிழ்த்து வைத்த பாத்திரத்தின் கோணத்தை மாற்றி வைப்பார்.

3

இந்த நகரத்தில் ஒரு போன்சாய்ச் சங்கம் இருக்கிறது. மாதம் ஒருமுறை கூடுவார்கள். இருபது பேர் வருவார்கள், இரண்டு கட்சி. அவர் இருந்த கட்சி, போன்சாய் மரத்தின் நகல் அல்ல என்று சொல்லும். அவர் இதற்கு நம் ஊரிலிருந்து ஓர் உதாரணம் வைத்திருந்தார். பரதம் ஆடுகிறவள் நடப்பதுபோலத் தஞ்சாவூர்த் தெருவில் ஒருத்தியும் நடப்பதில்லை, அதற்காக ஆட்டம் பொய்யாகிவிடுமா என்பார். ஜெர்மன்காரர்களுக்குப் பரதம் தெரியாததால் எதிர்த்துப் பேச முடியாமல் தலையாட்டுவார்கள்.

எதிர்க்கட்சிக்கு ஊர்சுலா தலைவி. காட்டிலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஒவ்வொரு மரத்துக்கும் அதன் நிலத்தில் நிற்கிற விதம் ஒன்று உண்டு, அதைப் பார்க்காமல் ஓக் மரத்தையும் ஆலையும் புளியையும் பிடித்து எல்லாவற்றுக்கும் ஜப்பானியப் பைன் மரத்தின் வேஷத்தை மாட்டுகிறீர்கள் என்பது அவள் வழக்கு. ஒருநாள் என்னிடம் கேட்டாள், புளிய மரம் உன் ஊரில் எப்படி நிற்கும்? வாயால் சொல்லத் தெரியவில்லை. கீழ்வேளூரில் இருக்கும் தம்பி அந்தோணிக்கு வாட்ஸ்அப்பில் சொல்லி, சாலையோரப் புளி ஒன்றைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "புளிய மரத்தப் போட்டோ எடுக்கச் சொன்ன மொத ஆளு நீதான்க்கா" என்றான். ஆனாலும் வண்டியை நிறுத்தி எடுத்து அனுப்பினான்.

அருமையான மரம். கன்னங்கரேலென்ற அடிமரம், அதில் நெடுஞ்சாலைக்காரர்கள் அடித்த வெள்ளைப் பட்டையும் எண்ணும். மேலே விரித்த குடை. இடது பக்கம் வெறுமை, வலது பக்கம் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சாலை நடுவரை நீட்டிக்கொண்டிருந்தன. முக்கோணமாவது ஒன்றாவது. படத்தைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினேன். இயற்கை என்றால் இதுதான், பாருங்கள் என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இடது பக்கம் ஏன் காலி என்று கேட்டார். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டோம். அது கரண்டு கம்பி போகிற பக்கம், மழைக்காலத்துக்கு முன்னால் லைன்மேன் வந்து கழித்துவிட்டுப் போவார் என்றான். கீழ்க்கிளைகள்? பஸ் மேற்கூரையில் இடிக்கும் என்று வெட்டியது. உச்சியில் அந்தப் பள்ளம்? புயலில் போனது. மிச்சத்தை வருஷா வருஷம் புளி ஏலம் எடுக்கிறவர்கள் ஏறி உலுக்கியும் கழியால் அடித்தும் பார்த்துக்கொள்கிறார்களாம்.

"அப்ப உங்க ஊர்ல இயற்கைக்கு லைன்மேன்னு பேரு" என்றார் அவர். ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஊர்சுலாவிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். ஆனால் ஒன்று சொன்னாள்: அந்த மரத்தைப் பார்த்தால் அதற்கு என்னென்ன நடந்தது என்று தெரிகிறது, உன் கணவரின் மரத்தைப் பார்த்தால் உன் கணவரைத்தான் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு இது ஊர்சுலா ஜெயித்த வாதமாகப் பட்டது. இப்போது, அவரைத்தான் தெரிகிறது என்பது ஒரு குறையா என்று யோசிக்கிறேன்.

4

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்குக் கிளம்பி ஒரு காலில் ஷூ மாட்டியவர் அப்படியே சுவரோடு சாய்ந்தார். நெஞ்சு. ஆம்புலன்ஸ் சீக்கிரம்தான் வந்தது. அவர்தான் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு வந்த ஸ்டெல்லா அப்பாவின் நோட்டைப் புரட்டி, கடைசிப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். இருபத்தைந்து வயதில் மரம் எப்படி இருக்க வேண்டும் என்கிற படம் அது. "அப்பா வரைஞ்ச மாதிரியே வரணும்மா. நீ எதையும் மாத்திடாத" என்றாள். சரி என்றேன். அந்த நேரத்தில் எதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதற்கு முன்பு அவள் மாதம் ஒருமுறை கூப்பிட்டால் அதிகம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாலு மணிக்கு வீடியோவில் வந்தாள். "மரத்தைக் காட்டும்மா." நான் கேமராவைத் திருப்புவேன். அப்பாவின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, எந்த நுனியைக் கிள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்வாள். அவள் தமிழ் தேய்ந்துவிட்டது. எண்ணிக்கையை ஜெர்மன் வழக்கப்படி திருப்பிப் போட்டு, இருபத்திநாலு இலையை "நாலும் இருபதும்" என்பாள். பத்து நிமிஷம் மரத்துக்கு. முடிந்ததும் இரண்டு நிமிஷம் எனக்கு. சாப்பிட்டியா, எந்த ஷிப்ட், முட்டி வலி எப்படி இருக்கு. மரத்தின் தயவில் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் என்ன, அது எனக்குப் போதுமாக இருந்தது.

முதல் குளிர்காலம் அவர் எழுதி வைத்தபடியே நடந்தேன். மூங்கில் குச்சியை மண்ணில் செருகி எடுக்க வேண்டும், காய்ந்து வந்தால் ஒரு டம்ளர், ஈரமாக வந்தால் பேசாமல் போய்விட வேண்டும். மரம் பிழைத்தது. இரண்டாம் குளிர்காலத்தில், பிப்ரவரி மாதம், இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. காலையில் பெருக்கினால் மாலைக்குள் மறுபடி கொட்டிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை வேறு வந்துகொண்டிருந்தது.

இங்கே நான் செய்த காரியத்தை டெல்டாவில் இருக்கிறவர்கள் புரிந்துகொள்வீர்கள். மற்றவர்களுக்கு நான் ஒரு முட்டாளாகத்தான் தெரிவேன். கீழ்வேளூர்ப் பக்கம் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் எல்லா ஊரும் குடித்து மிஞ்சியதுதான் எங்களுக்கு. "எங்க ஊருக்குத் தண்ணி வரும், உங்க ஊருக்குத் தண்ணி வந்தா அது சேதி" என்று என் கணவர் கல்யாணமான புதிதிலிருந்து கேலி செய்வார். எங்கள் வீட்டில் பயிர் மஞ்சளானால் அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் வரவில்லை. வந்துவிட்டால் கிடைக்கிற பள்ளம் எல்லாவற்றிலும் கட்டி வைப்போம், வயல், வாய்க்கால், குட்டை, ஏன், வீட்டு அண்டா வரைக்கும். அடுத்த முறை எப்போது என்று யாருக்குத் தெரியும்?

நான் தொட்டிக்கு அடியில் ஆழமான தட்டு ஒன்றை வைத்து முழுக்கத் தண்ணீர் கட்டினேன். தினமும் அதிகாலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது பார்ப்பேன், குறைந்திருந்தால் நிரப்புவேன். தண்ணீர் நிற்பதைப் பார்த்தால் மனசுக்கு ஒரு நிம்மதி. நெல் தண்ணீரில் நிற்கும், புளி நிற்காது என்பது விவசாயி மகளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தது கைக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஜன்னலோரம் அழுகல் வாடை அடித்தது.

ஊர்சுலாவைக் கூப்பிட்டேன். அவள் மரத்தைத் தொட்டியிலிருந்து தூக்கிக் காட்டினாள். இடது பக்க வேர்கள் கறுத்துக் கூழாகியிருந்தன. அவற்றை வெட்டி எறிந்து, புது மண்ணில் வைத்தாள். வலது பக்கம் பிழைக்கலாம் என்றாள். பிழைத்தது. இடது பக்கத்து முதல் கிளை, அவர் நோட்டில் எல்லாவற்றுக்கும் முதலில் வரைந்த கிளை, செத்துப்போனது. பிறகு நோட்டைப் புரட்டினால் ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்: 'குளிர்காலத்தில் இலை கொட்டும். பதற வேண்டாம்.' எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கக் கூடாதா?

5

மகளிடம் சொல்லிவிடு என்றாள் ஊர்சுலா. அடுத்த வாரம் என்றேன்.

அடுத்த வாரம் தொட்டியைத் திருப்பி வைத்தேன். செத்த கிளை பின்னால் போய்விட்டது, உயிருள்ள கிளைகள் முன்னால் வந்து அதை மறைத்தன. சாக்பீஸ் கோடு பக்கவாட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் கிளை தெரியவில்லையே என்றாள் ஸ்டெல்லா. வெளிச்சம் அந்தப் பக்கம் சரியில்லை என்றேன். இன்னொரு வாரம், இடம் வலம் மாறியிருக்கிறதே என்றாள். புது போன், கேமரா மாற்றிக் காட்டுகிறது என்றேன். நம்பினாள். அல்லது பரீட்சை நெருக்கத்தில் நம்பிக்கொண்டாள். மே மாதம் துளிர்விட்டதும் வேலை சுலபமாகிவிட்டது. அவள் பயிற்சிக்குப் போன நாட்டிலிருந்தும் ஞாயிறு நாலு மணி தவறவில்லை. நானும் பொய் தவறவில்லை.

இத்தனை வருஷம் டிராம் ஓட்டுகிறேன், ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை. வீட்டுக்குள் வாராவாரம் தாண்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பயம். மரம் போய்விட்டது என்று தெரிந்தால் அவள் கூப்பிடுவதற்கு என்ன காரணம் இருக்கும்? முட்டி வலியை விசாரிப்பதற்கு வாராவாரம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

6

அவர் நினைவுநாளையொட்டிச் சனிக்கிழமை மதியம் ஸ்டெல்லா வந்தாள். ஸ்டேஷனிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தயார் செய்துகொண்டு போனேன். அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டதில் அது தவறிப்போனது. டிராமில் சொல்லலாம் என்றால் ஓட்டுகிறவன் எனக்குத் தெரிந்தவன், வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான். வீட்டுக்குள் நுழைந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே ஜன்னலுக்குப் போய்த் தொட்டியில் கோட்டைத் தேடினாள், காணவில்லை, திருப்பினாள்.

திருப்பத் திருப்ப மொட்டைக் கிளை அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பட்டை கொஞ்சம் உதிர்ந்தது.

"எப்ப?"

"பிப்ரவரியில."

நடந்ததைச் சொன்னேன், தட்டு, தண்ணீர், வாடை, ஊர்சுலா எல்லாம். கேட்டுக்கொண்டே நின்றாள். தண்ணீர் கட்டியது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. திருப்பி வைத்ததுதான்.

"ஏம்மா சொல்லல?"

"மரம் இல்லைன்னா நீ கூப்பிட மாட்டியோன்னு பயந்துட்டேன்."

அவள் செல்போனை எடுத்து அப்பா வரைந்த படத்தைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். "இனிமே இது வராது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மீன் குழம்பைச் சூடு பண்ணினேன், ஆறியது, மறுபடி சூடு பண்ணினேன்.

மறுநாள் பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அளவு நாடாவைப் பிடித்து, அனுமதிக்கப்பட்ட உயரத்துக்கு ஒரு நூல் கட்டி, நூலோடு ஒட்டி வெட்டினாள். நானாக இருந்தால் அரிவாளால் இரண்டு போடு போட்டிருப்பேன். வெட்டி முடித்ததும் அவர் படுத்திருக்கும் இடம் அவர் பிரித்து வைத்த உதிரிப் பாகம்போலக் கச்சிதமாக இருந்தது. அவருக்குப் பிடித்திருக்கும். மெழுகுவத்தி ஏற்றினோம்.

வீட்டுக்கு வந்து மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தவள் திடீரென்று என்னைக் கூப்பிட்டாள். உயிருள்ள கிளைகளில் அவர் சுற்றிய கம்பி இன்னும் அப்படியே இருந்தது. இரண்டு வருஷத்தில் கிளை பருத்து, கம்பி பட்டைக்குள் இறங்கிப் பாதி மூடியிருந்தது.

"கம்பியக்கூடவா கழட்டல?"

"எதையும் மாத்தாதன்னு நீதானே சொன்ன."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தாள். அப்பாவின் பெட்டியிலிருந்து வெட்டுக் குறடை எடுத்து வந்தாள். சுற்றிய கம்பியைப் பிரிக்கக் கூடாது, கிளை முறியும், துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். நான் விளக்கைப் பிடித்தேன். எடுத்து முடிக்க இரண்டு மணி நேரமானது. சில இடத்தில் கம்பியோடு பட்டையும் பிய்ந்தது. கிளைகளைச் சுற்றிப் பாம்பு ஏறியதுபோல வடு. கம்பி போனதும் கிளைகள் கொஞ்சம் மேலே எழும்பின, அவ்வளவுதான். பெரும்பாலும் அவர் வைத்த இடத்திலேயே நின்றன. ஸ்டெல்லா அப்போது அழுதாள், நானும் அழுதேன். தனித்தனியாகத்தான் அழுதோம், ஆனால் ஒரே மேஜையில்.

செத்த கிளையை என்ன செய்வது என்று கேட்டேன். சங்கத்தில் அவர் கட்சிக்காரர்கள் பட்டையை உரித்து, மருந்து பூசி, எலும்புபோல வெளுக்க வைத்து அலங்காரமாக நிறுத்துவார்கள். ஊர்சுலா கட்சி அதைத் தொடாதே, தானாக உளுத்து விழட்டும் என்னும். நம் ஊரில் பட்ட கிளை விறகு, ஒடித்து அடுப்பில் வைக்க வேண்டியதுதான் என்றேன். இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்: "நான் எடுத்துட்டுப் போறேம்மா. இது உங்கிட்ட இருக்க வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

திங்கட்கிழமை துணி போடுகிற கூடையில் தொட்டியையும் அவர் நோட்டையும் வைத்து, சுற்றிலும் அவருடைய பழைய கம்பளிச் சட்டையைச் சொருகி, ரயில் ஏற்றிவிட்டேன். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடி வழியாகக் கையாட்டினாள். மரமும் போயிற்று, இனிமேல் ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று என்று நினைத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். அன்றைக்கு மதிய ஷிப்ட்.

7

அடுத்த ஞாயிறு எனக்கு விடுமுறை. ஜன்னலோரம் தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஈரக் கறை. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. நாலு மணி ஆனது. போனை மேஜைமேல் வைத்துவிட்டு, அதைப் பார்க்காத மாதிரி துணி மடித்தேன். நாலு பத்து. நாலு கால். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தேன். நாலு இருபதுக்கு அடித்தது.

திரையில் அவள் இல்லை, மரம்தான். அவள் அறை ஜன்னலில் இருந்தது. மொட்டைக் கிளை நேரே என்னை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. உரிக்கவும் இல்லை, வெளுக்கவும் இல்லை, ஒடிக்கவும் இல்லை. கம்பி வடுக்கள் எல்லாம் வெளிச்சத்தில் தெரிந்தன.

"தொட்டியைத் திருப்பி வைடி, அது பின்பக்கம்" என்றேன்.

"இல்லம்மா. இனிமே இதான் முன்பக்கம்."

கேமரா கீழே இறங்கியது. அப்பா போட்ட கோட்டை அவள் அழிக்கவில்லை, அது தொட்டியின் ஓரத்தில் தேய்ந்து தெரிந்தது. செத்த கிளைக்கு நேர் கீழே புதிதாக ஒரு கோடு. அவருடைய கட்சி இதை ஒப்புக்கொள்ளாது, கிளை பார்க்கிறவர் கண்ணைக் குத்துகிற மாதிரி நிற்கக் கூடாது என்பது முதல் விதி. ஊர்சுலாவும் வேறு காரணம் சொல்லி ஆட்சேபிப்பாள். மாதக்கணக்கில் நான் பின்னால் திருப்பி மறைத்திருந்ததை அவள் எல்லோரும் பார்க்க முன்னால் வைத்திருந்தாள்.

பிறகு கேமரா திரும்பி அவள் முகம் வந்தது. தூங்காத முகம். குச்சியைச் செருகிப் பார்த்தாளாம், பாதி ஈரமாகவும் பாதி காய்ந்தும் வந்ததாம், அப்பா நோட்டில் அதற்கு ஒன்றும் எழுதவில்லையாம்.

"தண்ணி ஊத்தட்டுமா வேண்டாமாம்மா?"

"அதை என்னையா கேக்கற?" என்றேன்.

"வேற யாரக் கேக்கறது?" என்றாள்.